பத்தாவது ஆள்

போன மாதம் ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது பிரியா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது வார்டு சிஸ்டராக இருக்கிற பெண். அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி கல்கத்தா சால்ட் லேக்குக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பிள்ளைக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வரும்.

"ஆன்ட்டி, ஒரு ஃபாரின் லேடி பேஷன்ட். ஃபுட்பாத்ல விழுந்து ரிஸ்ட் போயிருச்சு. இப்ப அட்மிஷன் எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ரிலிஜியன் என்னன்னு கேட்டா ஜூயிஷ்ங்கறாங்க. லிஸ்ட்லயே அது இல்ல. அதர்ஸ்னு போட்டுடவா?"

எனக்குச் சுருக்கென்றது. "அந்த அம்மாகிட்ட கேட்டியா?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, சும்மா ஒரு பாக்ஸ்தானே."

"போய்க் கேளு. அவங்க சரின்னா போடு. இல்லன்னா பேப்பர்ல எழுதி ஃபைல்ல பின் பண்ணு. கம்ப்யூட்டர் கோவிச்சுக்காது."

அரைமணி நேரம் கழித்து மறுபடி அழைத்தாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, பேப்பரிலேயே எழுதச் சொன்னாராம். அதோடு விடாமல், "மேட்ரன் நோட்டுன்னு ஒண்ணு சொல்வீங்களே, அதைப் பத்தி எழுதிக் குடுங்க ஆன்ட்டி, நர்ஸிங் ஸ்கூல் பிள்ளைங்க கேக்குறாங்க" என்றாள். முப்பத்துமூன்று வருட வேலையை எழுத எனக்குப் பொறுமையும் இல்லை, படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு நேரமும் இல்லை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன். நான் செய்த பெரிய தப்பும் அதில்தான் இருக்கிறது.

நான் நாகர்கோவில்காரி. பெயர் எஸ்தர். ஊர்ப்பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு படித்தேன். முதலில் ஊசி போடப் பயந்தேன், பிறகு பயம் போய்விட்டது. படிப்பைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. கலியாணம் ஆனதும் கல்கத்தா. வீட்டுக்காரர் இஸ்ரவேல், பாளையங்கோட்டை ஆள், கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கிளார்க். ஆறு மாதம் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் உட்கார்ந்து ஆற்றில் போகிற படகுகளைப் பார்த்தேன். ஏழாம் மாதம் வேலை தேடிக் கிளம்பிவிட்டேன்.

சேர்ந்த இடம் ஊருக்கு நடுவில் இருந்த ஒரு பழைய தர்ம ஆஸ்பத்திரி. அங்கே மேட்ரன் பிஸ்வாஸ் என்று ஒருவர் இருந்தார். வங்காளக் கிறிஸ்தவர், கலியாணம் செய்துகொள்ளாதவர், ஒல்லியான உடம்பு, சர்க்கரை இல்லாத டீயை நின்றுகொண்டே குடிப்பார். சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றிவிட்டால் தீர்ந்தது, மறுபடி மாட்டும்வரை எதிரே நிற்கிறவளுக்கு உயிர் இருக்காது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் கேபின் கதவு திறந்தே கிடந்தாலும் வெளியே நின்று பேனாவால் கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் வா என்று சொல்லும்வரை காலை எடுத்து வைக்கமாட்டார். நினைவு தப்பிக் கிடக்கிற நோயாளிக்கும் அதே இரண்டு தட்டுதான், மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு உள்ளே போவார். நாங்கள் மறந்துபோய் நுழைந்துவிட்டால் நோயாளியின் முன்னாலேயே வெளியே அனுப்பி, மறுபடி தட்டிவிட்டு வரச் சொல்வார். "ஆகே ஜிக்கேஷ் கொரோ" என்பார். முதலில் கேள் என்று அர்த்தம். சாப்பாடா, குளிப்பாட்டலா, ஜெபமா, எதுவானாலும் முதலில் கேள்.

பிரியா கேட்ட நோட்டு அவருடையது. கறுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு. ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பக்கம்: சாகக் கிடப்பவர் பக்கத்தில் யார் இருக்கவேண்டும், உயிர் போனபின் யார் தொடலாம், முகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யாருக்குப் போன் செய்யவேண்டும். கல்கத்தாவில் எத்தனை ஜனம் உண்டோ அத்தனை பக்கம். யூதர்களுக்கான பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கைகளை மார்பின்மேல் கூப்பி வைக்காதே, பக்கவாட்டில் நீட்டி வை. முகத்தை மூடு. அவர்கள் ஆட்கள் வரும்வரை உடலைத் தனியே விடாதே. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் ஓய்வுபெறுவதற்கு நாலு வருடம் இருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில், நாலாம் நம்பர் கேபினுக்கு ஆரோன் சார் வந்தார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. முன்காலத்தில் பாக்தாத் பக்கமிருந்து கல்கத்தாவுக்கு வியாபாரத்துக்கு வந்த யூதர்களின் வம்சம். டீ கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆஸ்பத்திரி டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சிஸ்டர், இது டீ இல்லை, டீயைப் பற்றிய வதந்தி" என்றார். ஆங்கிலமும் இந்துஸ்தானியும் கலந்துதான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயரைக் கேட்டதும் கண்ணை அகல விரித்தார். "எஸ்தரா? எங்கள் வீட்டுப் பெயர் ஆயிற்றே, எப்படி அவ்வளவு தெற்கே போயிற்று?" வீட்டுக்காரர் பெயர் இஸ்ரவேல் என்றதும் சிரித்துச் சிரித்து ஆக்சிஜன் குழாய் நழுவிவிட்டது. "இஸ்ரவேல் ரயில்வேயில் கிளார்க்காக இருக்கிறானா, பென்ஷன் உண்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் டியூட்டிக்கு வந்தால், "இஸ்ரவேல் சாப்பிட்டானா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

அவருடைய ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாக வெளிநாடு போய்விட்டார்கள். மகளும் போய்விட்டாள், வாரம் தவறாமல் போனில் பேசுவாள். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் போய்விட்டால் யாராவது திரும்பி வரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டாமா?" என்றார். அப்போது அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். அந்த வருடம் முழுக்கக் கடவுள் நமக்குச் சொல்கிற வாக்கு என்று நம்பி வைத்துக்கொள்வோம். அந்த வருடம் எனக்கு வந்த அட்டையைக் கைப்பையில் வைத்திருந்தேன். ஒருநாள் ஆரோன் சார் மூச்சுக்குத் திணறிச் சோர்ந்து கிடந்தபோது, அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்குமே என்று அதை எடுத்து ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். பயப்படாதே, உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்கிற மாதிரியான வாக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே தன் பாஷையில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. முன்னால் ஏதோ இருக்கிறதே என்றேன்.

"விலாசம்" என்றார். "யாக்கோபே, இஸ்ரவேலே என்று ஆரம்பம். உங்கள் அட்டையில் அது இல்லையா?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அச்சடித்தவர்கள் அதை விட்டுவிட்டுப் பயப்படாதே என்பதிலிருந்து போட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் அட்டை எடுத்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

"படியுங்கள் சிஸ்டர், எங்கள் கடிதத்தை நீங்களும் படிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். விலாசத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள்" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை, அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதை எழுதும்போது எங்கள் சபையில் நான் கேட்டு வளர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். யூதர்கள் கடவுளைக் கைவிட்டார்கள், கடவுள் அவர்களைக் கைவிட்டார், அவர்களோடு செய்த உடன்படிக்கை முடிந்துபோயிற்று, இப்போது நாம்தான் புது இஸ்ரவேல். பிரசங்கத்தில் இது வரும்போதெல்லாம் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவுவார். அது சரியா தப்பா என்று யோசிக்க எனக்கு அவசியம் வந்ததில்லை. நான் பார்த்த முதல் யூதரே ஆரோன் சார்தான்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அவர் மனைவி ரேச்சல் இறந்து ஏழு வருடமாகியிருந்தது. இறந்தவர்களுக்காகச் சொல்லுகிற ஜெபம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாது, யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ரேச்சலை அடக்கம் செய்த அன்று ஊரில் நடமாடக்கூடிய ஆண்கள் ஏழு பேர். அந்த ஜெபம் இல்லாமலேயே மண் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் தங்கள் ஜெப ஆலயத்தில் போய் உட்கார்ந்து பத்துப் பேருக்காகக் காத்திருப்பாராம். மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்களில் வழக்கமில்லை. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். "சின்ன வயதில் முதல் பெஞ்சிலேயே வசனம் முடிந்துவிடும் சிஸ்டர். போன வருடம் ஆறாவது சொல்லோடு நின்றுவிட்டது" என்றார். இந்த வருடத் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. டாக்டர் என்னிடம் சொன்ன கணக்கில் அவருக்கு அவ்வளவு நாள் இல்லை.

வீட்டில் வந்து இதைச் சொல்லி அழுதேன். இஸ்ரவேல் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து ஆம்பளதான வேணும்? நம்ம சபையில ஆபிரகாம் அண்ணாச்சியில இருந்து எத்தனை பேரு இருக்காவ. ஒரு வார்த்த சொன்னா வந்துருவாவ."

"அவிய ஜனமா இருக்கணும்லா?"

"நாம மட்டும் யாருளா? நாமளும் இஸ்ரவேல்தான. போதகரு வாராவாரம் சொல்லுதாரு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யோசித்துப் பாருங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், நாலாம் நம்பர் கேபினுக்குள் பத்து ஆண்கள் வரிசையாக நுழைந்தார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, யோசுவா, சாமுவேல், தாவீது, சாலமோன், தானியேல், கடைசியில் என் வீட்டுக்காரர் இஸ்ரவேல். எல்லாரும் சாயங்கால ஆராதனைக்குப் போகிற வெள்ளைச் சட்டையில், கக்கத்தில் வேதப்புத்தகத்தோடு. துறைமுகத்தில், ரயில்வேயில், பாங்கில் வேலை பார்த்த திருநெல்வேலி, நாகர்கோவில் ஆட்கள். நான் ஆரோன் சாரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கைகொடுத்தார்கள். நாலாவது பெயருக்கே ஆரோன் சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மோசே, கடலை எங்கே விட்டுவிட்டு வந்தாய்?" என்றார். துறைமுகத்திலிருந்து ஓய்வுபெற்ற மோசே அண்ணன், "கிதர்பூர் டாக்லயே இருக்கு சார்" என்றார். கேபினே கலகலத்துப் போயிற்று. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புறம் ஆபிரகாம் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், நாங்க பத்துப் பேர் இருக்கோம். நீங்க ஜெபத்தை ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஆரோன் சாருடைய முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவருடைய உதடு அசைந்தது, ஒரு சொல் வந்தது என்று நினைக்கிறேன், பிறகு நின்றுவிட்டது.

"நீங்கள் நடந்து வந்திருக்கிறீர்கள், இந்த மழையில்" என்றார். "இதை நான் மறக்கமாட்டேன். ஆனால் உங்களை வைத்து அதைச் சொல்ல முடியாது."

ஆபிரகாம் அண்ணாச்சி நல்ல மனிதர், விட்டுக்கொடுக்கத்தான் தெரியாது. "விசுவாசத்தினால நாங்களும் ஆபிரகாமோட பிள்ளைங்கதான் சார்" என்றார்.

"பிள்ளைகளாக இருங்களேன், வேண்டாம் என்றா சொல்கிறேன்?"

"பழைய உடன்படிக்கை முடிஞ்சுபோச்சு சார். இப்ப அந்த எடத்துல நாங்கதான் இருக்கோம்."

"முடிந்துவிட்டதா?" என்று ஆரோன் சார் கேட்டார். "எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லையே."

என் வீட்டுக்காரர் ஆபிரகாம் அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஆரோன் சார் சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார். "கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாற்காலி காலியாக இருப்பது எனக்கு வேதனைதான். ஏழு வருடமாகக் காலி. ஆனால் காலியாக இருக்கிறவரைக்கும் ஆள் வரவேண்டியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நீங்கள் உட்கார்ந்துவிட்டால் நான் யாரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது?" சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அதோடு விடாமல் ஆயாவைக் கூப்பிட்டு அவர்கள் எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். அந்த டீயைத்தான்.

அப்போது கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு கேட்டது. மேட்ரன் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

தன் அறையில் என்னை உட்காரச் சொன்னார். அது திட்டுவதைவிட மோசம். "கேட்டாயா?" என்றார். இல்லை என்றேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று ஆரம்பித்தேன்.

"ஒருவருடைய இடத்தில் போய் உட்காருகிறவர்கள் எல்லாருமே நல்ல எண்ணத்தில்தான் உட்காருகிறார்கள், எஸ்தர்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அப்படியானால் எங்கள் போதகர் சொல்வது பொய்யா, அவர்களோடு கடவுள் செய்த உடன்படிக்கை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். மேட்ரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவர்களுக்குச் சொன்ன சொல்லைக் கடவுள் மாற்றிக்கொண்டார் என்றால், உனக்குச் சொன்னதை மட்டும் மாற்றமாட்டார் என்று எதை வைத்து நம்புகிறாய்? நான் என் ரட்சிப்பை நம்புகிறேன். அவர் சொல் தவறாதவர் என்பதால்தான் நம்புகிறேன். ஆரோன் பாபுவுக்கு அவர் தவறினால் எனக்கு வேறு பிடிமானம் கிடையாது."

அன்று சாயங்கால ஆராதனையில் என் காதில் எதுவும் ஏறவில்லை. யூதர்கள் என்கிற நல்ல ஒலிவ மரத்தில் காட்டு ஒலிவக் கிளையான எங்களை ஒட்டவைத்ததைப் பற்றி வேதத்தில் பவுல் எழுதியிருப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒலிவ மரம் நான் கண்டதில்லை. ஒட்டுமாங்கன்று தெரியும், அப்பா தோட்டத்தில் நாலு நின்றன. வேரை வெட்டிவிட்டு ஒட்டுக்கிளை மட்டும் எப்படிக் காய்க்கும் என்று இத்தனை வயதுவரை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் கேபின் வாசலில் நின்று இரண்டு தட்டு தட்டினேன். ஆரோன் சார் வா என்று சொல்லாமல், "இஸ்ரவேல் சாப்பிட்டானா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு துண்டுத் தாளில் தன் பெயரையும் ரேச்சல் பெயரையும், இரண்டு பேருடைய தகப்பன் பெயரையும் எழுதித் தந்தார். "என்றைக்காவது அங்கே பத்துப் பேர் சேர்ந்தால் இதைக் கொடுத்துவிடு. வேறு எங்கேயும் வேண்டாம், எங்களுக்குக் கலியாணம் நடந்த இடம் அது" என்றார்.

அவர் இறந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அது அவர்கள் ஓய்வுநாள். பொழுது சாய்ந்தபிறகுதான் அவர்கள் ஆட்கள் வந்து எடுக்க முடியும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி வைத்தேன், முகத்தை மூடினேன். மேட்ரன் வந்து பார்த்துவிட்டு என் மற்ற நோயாளிகளை வேறு சிஸ்டரிடம் ஒப்படைத்தார். அன்று முழுக்க என் வேலை அந்த அறையில் உட்கார்ந்திருப்பதுதான்.

அவர் முன்பே கேட்டிருந்தபடி, தாவீதின் சங்கீதங்களைத் தமிழில் மெல்ல வாசித்தேன். எங்கள் வழக்கத்தில் சங்கீதம் முடிந்ததும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவிக்கு மகிமை சொல்லி முடிப்போம். முதல் சங்கீதம் முடிந்ததும் அது தன்னால் நாக்குவரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். அதை விட்டுக்கொடுத்ததாக நான் நினைக்கவில்லை, அது என் வீட்டில் சொல்ல வேண்டியது, இது அவருடைய அறை. மத்தியானம் மேட்ரன் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்து, தன் கையாலேயே எனக்கு டீ வைத்துவிட்டுப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தடி ஊன்றிய இரண்டு கிழவர்கள் படியேறி வந்தார்கள். ரேச்சலின் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஆரோன் சாருக்கும் அந்த ஜெபம் சொல்ல ஆள் சேரவில்லை.

அந்த ஜெப ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ரஹ்மத் தாதா, வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். முஸ்லிம், அவர் அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். என் போன் நம்பரை அவரிடம் கொடுத்து, வெளிநாட்டு யூதர்கள் கூட்டமாக வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிடுவார். ஒருமுறை போனேன், ஐந்து பேர். இன்னொரு முறை ஏழு. மேட்ரனும் இதற்கிடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கும் மூட்டுவலி வந்துவிட்டது. துண்டுத் தாளை மட்டும் அந்தப் பழைய வாக்குத்தத்த அட்டையோடு சேர்த்துக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், என் பிள்ளைகள் வீட்டுக்கு வருவதைக்கூட நான் இவ்வளவு எதிர்பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் ரஹ்மத் தாதா அழைத்தார். "தீதி, நாளைக்கு ஒரு பஸ் வருது. நிறைய ஆண்கள். வந்துடுங்க."

இஸ்ரவேலையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வரும் ஆண்கள் எல்லாருக்கும் ரஹ்மத் தாதா வாசலில் தொப்பி கொடுப்பார், இவருக்கும் கொடுத்தார். நான் பெண்களுக்கான மாடிக்குப் போனேன். கூட்டத்தின் தலைவராக இருந்த தாடிக்காரரிடம் தாளைக் கொடுத்துக் கதையைச் சொல்லியிருந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. பத்துப் பேர் இருந்தால் கட்டாயம் சொல்கிறோம் என்றார்.

கீழே ஆண்கள் அங்கங்கே உட்கார்ந்தார்கள். இஸ்ரவேல் கடைசி பெஞ்சில் ஓரமாக. தாடிக்காரர் திரும்பி நின்று, தன்னிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவராகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் மேலே விரல் மடக்கினேன். ஒன்பதாவது சொல் ஜன்னலோரம் இருந்த ஒருவர்மேல் விழுந்தது. அதற்குமேல் அவர்களில் ஆள் இல்லை. பத்தாவது சொல்லைக் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். வசனம் முடிந்துவிட்டது. புத்தகங்களைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பேசாமல் உட்காருங்கள், ஒரு ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மாடியிலிருந்து மனசுக்குள் அவரிடம் மன்றாடினேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், மறைத்து என்ன பிரயோஜனம்? இஸ்ரவேல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார், நான் கிறிஸ்தவன். என்னை எண்ணாதீங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "உங்க பத்தாவது ஆள் இன்னும் வரணும்."

தாடிக்காரர் புத்தகத்தை மூடிவிட்டுக் கடைசி பெஞ்சுவரை நடந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ரஹ்மத் தாதா ஊரில் மிச்சமிருந்தவர்களுக்குப் போன் போட்டார். ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், இன்னொருவர் படுத்த படுக்கை. அரைமணி நேரம் காத்திருந்தோம். பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டான். தாடிக்காரர் பெயர்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, எங்கள் ஊரில் தினமும் பத்துப் பேர் கூடுவோம், அங்கே கட்டாயம் சொல்கிறேன் என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். நன்றி சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். ஆனால் ஆரோன் சார் கேட்டது அங்கே இல்லை, இங்கே.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன்.

"என்னளா, கோவமா?"

"பேசாம வாங்க."

அலிப்பூர் தாண்டியபிறகு சொன்னார்: "எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் பெருமையா போயி நின்னேன்லா, இன்னைக்காவது அந்தப் பெரியவருக்கு ஒரு உபகாரம் செஞ்ச மாதிரி இருக்குமேன்னு. ஆனா ஆண்டவரு அவியளுக்குன்னு வச்சிருக்க எடம்ளா அது. நான் உக்காந்து நெரப்பிட்டா, அவரு வாக்கு நெறவேறுனதாவா ஆயிரும்?"

அவர் கைமேல் கையை வைத்தேன், இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்த மாதிரி இருந்தது.

மார்ச்சில் இன்னொரு கூட்டம் வரலாம் என்று ரஹ்மத் தாதா சொல்லியிருக்கிறார். துண்டுத் தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது, பின்னால் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வாக்குத்தத்த அட்டையிலும் மேலே விட்டுப்போன விலாசத்தை என் கையெழுத்தில் சேர்த்துவிட்டேன். நானும் இஸ்ரவேலும் போவோம். இந்தத் தடவை உள்ளே வரமாட்டாராம், தெருமுனையில் நின்று வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறேன் என்கிறார்.